பக்கத்து நாற்காலியில் யார்?

2025 செப்டம்பர் 9. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லை எடை போட்டுவிட்டு நான் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது மணி ஏழரையைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர்ப் பேருந்து போய்விட்டிருந்தது. டீக்கடைத் தொலைக்காட்சியில் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவு ஓடிக்கொண்டிருந்தது. சி.பி. ராதாகிருஷ்ணன் 452, பி. சுதர்சன் ரெட்டி 300. கடையில் இருந்த ஏழெட்டு ஆண்களுக்குள் வாக்குவாதம். "தமிழன் ஒருத்தன் வந்திருக்கான், அதுக்குக்கூட நம்ம எம்.பி.ங்க ஓட்டுப் போடலியே" என்றார் ஒருவர். "எந்தக் கட்சித் தமிழன்னு பாக்க வேணாமா?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டு வேட்பாளர்களின் சாதியையும், அவரவர் மாநிலத்தில் அது எந்தப் பட்டியலில் வருகிறது என்பதையும் விளக்கத் தொடங்கினார். அவருக்குத்தான் கடையில் அதிக மரியாதை கிடைத்தது.

அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே நின்றேன். அந்தப் பதவியில் உட்காருகிறவர் தினமும் செய்ய வேண்டிய வேலை என்ன, இந்த இருவரும் இதுவரை செய்தது என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் டீ குடிக்கும் இடத்தில் பேசிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் குற்றவுணர்ச்சி. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க என்னிடமும் ஓர் ஓட்டு இருந்தது. அப்போது நானும் எதையும் கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் டில்லியைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊராட்சியில் ஒன்பது வார்டுகள். அதில் ஐந்தில் பெண்கள் ஜெயித்தோம். தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. காலனியைச் சேர்ந்த, அப்போது முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் தலைவரானார். நான் ஊர்ப் பக்கத்துக்காரி. இதை மறைத்துக்கொண்டு எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

அவர் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஊர் கேட்ட கேள்விகளை எண்ணி மாளாது. எட்டாவதுதானே படித்திருக்கிறாள்? கணக்கு வழக்கு தெரியுமா? கலெக்டர் வந்தால் பேசுவாளா? புருஷன் என்ன வேலை, அவன் குடிப்பானா? கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? மைக் பிடித்தால் குரல் வருமா? இந்தக் கேள்விகளில் பாதியை நானும் கேட்டேன். அண்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

அக்டோபர் 22ஆம் தேதி துணைத் தலைவருக்கான மறைமுகத் தேர்தல். வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பே கோயில் திண்ணையில் பேசி முடித்துவிட்டார்கள். எனக்குச் சித்தப்பா முறை வேண்டும் ஒருவர்தான் ஆள். அவர் பத்தாவது ஃபெயில். அதை யாரும் சொல்லவில்லை. அவருக்குக் கணக்கு தெரியுமா என்று கேட்கவில்லை. அவர் குடிப்பார் என்பது ஊருக்கே தெரியும். அது ஒரு செய்தியாகவே யாருக்கும் படவில்லை. "நாலு எடம் போய் வந்த ஆளு, பொண்ணு எதுனா தப்பு பண்ணிட்டாலும் பக்கத்துல இருந்து பாத்துக்குவாரு" என்றார்கள். போட்டியின்றித் தேர்வானார். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. "நீ போடும்மா, பொம்பளை போட்டா நல்லாருக்கும்" என்றார்கள். போட்டேன்.

"பாத்துக்குவாரு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பிறகுதான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் பணம் தலைவர் ஒருவர் கையெழுத்தில் வெளியே வராது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டில் இது நல்ல ஏற்பாடுதான். ஒருவர் தவறினால் மற்றவர் தடுக்கலாம். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2016இல் செய்த திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் வந்தது. வார்டுக்கு இட ஒதுக்கீடு உண்டு, தலைவர் பதவிக்கு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. அதாவது முதல் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று அரசாணை சொல்கிறது. பக்கத்து நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று கோயில் திண்ணை சொல்கிறது. பணம் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருக்கிறது.

காலனி மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனது ஒரு சித்திரை மாதத்தில். தலைவர் ஆள் வைத்துக் கழற்றி, செஞ்சிக்குக் கொண்டுவந்து சுருள் கட்டக் கொடுத்து, பில் வாங்கி வந்தார். துணைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். "நாளைக்கு வாம்மா" என்றார். நாளைக்குப் போனால் கழனிக்குப் போயிருப்பார். அடுத்த நாள் கல்யாணம். அதற்கடுத்த நாள் தூங்குவார். மூன்று வாரம் காலனிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிணற்று மோட்டாருக்கு வந்தார்கள். அந்த மூன்று வாரமும் தலைவர், தேர்தலில் ஜெயித்து அரசாங்கம் பச்சை மையில் கையெழுத்துப் போடச் சொன்ன ஒரு பெண், கையில் ஃபைலோடு என் சித்தப்பா வீட்டு வாசல் படிக்குக் கீழே நின்றார். படியேறச் சொல்ல யாரும் இல்லை. நான் எதிர் வீடு. ஒருமுறை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பரவால்லக்கா" என்று சொல்லி வாங்காமல் நின்றார். எந்தச் சொம்பில் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவர் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

அந்த மூன்று வாரத்தில் ஊர் என்ன பேசியது தெரியுமா? "ஒரு மோட்டாரு ரிப்பேரு பண்ணத் துப்பில்ல, இதுக்குத்தான் படிச்ச ஆளு வேணும்ன்றது." தலைவருக்குத் தகுதியில்லை என்பது உறுதியாகிவிட்டது. துணைத் தலைவரின் பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை.

இது எங்கள் ஊரின் தனிக் கதை அல்ல. 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சி. மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பட்டியல் சாதிப் பெண். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்து, மாவட்ட ஆட்சியரே வந்து நின்ற பிறகு, சில நாள் கழித்து ஏற்றினார். தெற்குத் திட்டைப் படத்தைப் பார்த்து எல்லோரும் தரையில் இருந்தவரைப் பற்றிப் பேசினோம், இரக்கப்பட்டோம். நாற்காலியில் இருந்தவரை அந்த நாற்காலிக்கு அனுப்பியது யார், அனுப்பும்போது அவரிடம் என்ன கேட்டார்கள் என்று பேசியிருக்க வேண்டும். அவரும் ஓட்டு வாங்கித்தான் வந்தார். அந்த ஓட்டுகளைப் போட்ட உறுப்பினர்களில் பெண்களும் இருந்திருப்பார்கள், என்னைப் போல.

'துணை' என்ற சொல்லை யோசித்துப் பார்க்கிறேன். நமக்குப் பிறந்ததிலிருந்து பழகிய சொல். துணைக்குப் போ, துணைக்கு ஆள் இல்லாமல் போகாதே, வாழ்க்கைத் துணை, பேச்சுத் துணை, வழித்துணை. மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் இருப்பது என்றால் ஊரே நம்மைத்தான் திரும்பிப் பார்க்கும். சம்பளமும் கையெழுத்தும் இல்லாத எல்லா இடத்திலும் துணை என்றால் பெண். அந்தச் சொல்லோடு தலைவர் என்பது ஒட்டி, கூடவே ஒரு கையெழுத்தும் வந்துவிட்டால், துணை மீசை முளைத்துக்கொள்கிறது.

இப்போது டில்லிக்குப் போகலாம். அங்கேயும் இதே படம்தான், சட்டம் மட்டும் பெரியது.

இந்தியாவில் இரண்டு பெண்கள் குடியரசுத் தலைவராகியிருக்கிறார்கள். 2007இல் பிரதிபா பாட்டீல், 2022இல் திரௌபதி முர்மு. துணைக் குடியரசுத் தலைவர்கள் பதினைந்து பேரில் ஒரு பெண்கூட இல்லை. இதைவிடச் சுவாரசியமானது அந்த ஆண்டுகள். அதே 2007இல் நஜ்மா ஹெப்துல்லா துணைத் தலைவர் தேர்தலில் நின்று, 222 வாக்கு வாங்கி, 455 வாங்கிய ஹமீத் அன்சாரியிடம் தோற்றார். அதே 2022இல் மார்கரெட் ஆல்வா 182 வாக்கு வாங்கி, 528 வாங்கிய ஜகதீப் தன்கரிடம் தோற்றார். நஜ்மாவை நிறுத்தியது அன்று எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க. அணி. மார்கரெட்டை நிறுத்தியது இன்றைய எதிர்க்கட்சி அணி. யாருக்கு எண்ணிக்கை இல்லையோ அவர்கள் பெண்ணை நிறுத்தினார்கள். எண்ணிக்கை கையில் இருந்தவர்கள் ஆணை நிறுத்தினார்கள். கட்சி இதில் மாறியது, பழக்கம் மாறவில்லை. நஜ்மா ஹெப்துல்லாவோ பதினாறு ஆண்டுகளுக்கு மேல் மாநிலங்களவைத் துணைத் தலைவராக இருந்து அந்த அவையை நடத்தியவர். அனுபவம்தான் தகுதி என்றால் அவரைவிட அனுபவம் வாய்ந்த ஒருவர் அந்தத் தேர்தலில் கிடையாது. மார்கரெட்டின் மாமியார் வயலட் ஆல்வாவும் 1962 முதல் 1969 வரை அதே துணைத் தலைவர் பொறுப்பில் இருந்தவர். தலைவர் வராதபோது அவையை நடத்தப் பெண் வேண்டும். தலைவராக வரும்போது வேண்டாம்.

முதல் நாற்காலியைப் பெண்ணுக்குத் தருவதில் ஏன் தயக்கமில்லை, இரண்டாவதைத் தருவதில் ஏன் இருக்கிறது? குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். துணைக் குடியரசுத் தலைவரோ மாநிலங்களவையின் தலைவர். யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், யாருடைய மைக் எப்போது திறக்கும், எந்த நோட்டீஸ் விவாதத்துக்கு வரும், யாரை வெளியே அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில். பெயர் 'துணை', வேலை முழு வேலை. எங்கள் ஊர்க் கையெழுத்துக் கதையின் டில்லிப் பதிப்பு இது.

அரசியலமைப்பு கேட்கும் தகுதி மிகச் சின்னது: குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாநிலங்களவை உறுப்பினராகும் தகுதி இருக்க வேண்டும், ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருக்கக் கூடாது. மீதியை எம்.பி.க்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். எம்.பி.க்கள் பார்த்துக்கொண்டது எது? 2024 மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் பெண்கள் 74. கோயில் திண்ணையில் பெண் உட்காரவே முடியாது. அங்கே ஏதோ ஓரத்தில் உட்கார இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். அவையை நடத்தப் போகிற ஒருவரிடம் பார்க்க வேண்டிய முதல் விஷயம், தனக்குப் பிடிக்காத ஒருவர் பேசும்போது அவர் என்ன செய்வார் என்பது. இதை அவருடைய பழைய வேலையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆளுநராக இருந்தவரா? தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கோப்புகள் அவர் மேசையில் எத்தனை நாள் கிடந்தன என்று பாருங்கள். "நாளைக்கு வாம்மா" என்பது ராஜ்பவனிலும் சொல்லப்படும் வாக்கியம்தான். நீதிபதியாக இருந்தவரா? தீர்ப்புகளைப் படியுங்கள். சுதர்சன் ரெட்டி விஷயத்தில் இந்த ஒன்று மட்டும் ஓரளவு நடந்தது. 2011 ஜூலையில் நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கில், சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களிடம் துப்பாக்கி கொடுத்துச் சிறப்புக் காவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிராக இறக்கிவிட்டது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர் அவர். அந்தத் தீர்ப்பை வைத்து உள்துறை அமைச்சர் அவரைத் தாக்கினார், ஓய்வு பெற்ற நீதிபதிகள் பலர் அவருக்காகப் பேசினார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரி. சரியில்லை என்பவரோடும் நான் பேசத் தயார், ஏனென்றால் அவர் ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறார். தமிழர், தெலுங்கர், அந்த வகுப்பு, இந்த வகுப்பு என்பவரிடம் பேச என்ன இருக்கிறது? திருப்பூரில் பிறந்ததற்காக ஒருவருக்கு ஓட்டுப் போடச் சொல்வதும், அதற்காகவே போட மாட்டேன் என்பதும் ஒரே திண்ணைப் பேச்சுதான்.

நாற்காலியில் இருப்பவர் பெண்ணிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். 2024இல் ஜெயா பச்சனை அவையில் கணவர் பெயரையும் சேர்த்து அழைத்தார்கள். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள், இருக்கட்டும். அவர் அதற்கு ஆட்சேபம் சொன்னார். ஆகஸ்ட் 9 அன்று தலைவர் தன்கரின் தொனி சரியில்லை என்றும் சொன்னார். தொனியைப் பற்றி ஒரு பெண் புகார் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளும் நாற்காலி எது, கொதித்தெழும் நாற்காலி எது என்று பார்க்கத் தெரிந்தால் போதும், பாதித் தகுதி தெரிந்துவிடும். அன்று அந்த நாற்காலி கொதித்தது. அதே தன்கர்தான் 2023 செப்டம்பர் 21 அன்று, பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதா விவாதத்துக்கு வந்தபோது, பதின்மூன்று பெண் உறுப்பினர்களை மாற்றுத் தலைவர்களாக நியமித்து அவையை மாறி மாறி நடத்தச் செய்தார். படங்கள் அழகாக வந்தன. 214 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. மகளிர் தினத்தன்று ஒரு நாள் மட்டும் வீட்டில் ஆண்கள் சமைப்பதுபோல, ஒரு மசோதாவுக்கு மட்டும் பெண்கள் நாற்காலி. (அந்தச் சட்டமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று இரண்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. கையில் ஃபைலோடு நிற்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.)

அப்படியானால் பெண் நின்றால் அவருக்கே ஓட்டா என்று கேட்பீர்கள். இல்லை. பெண்ணாக இருப்பதும் திருப்பூரில் பிறப்பதுபோல ஒரு பிறப்புதான். எங்கள் மன்றத்தில் ஐந்து பெண்கள் இருந்தோம், பெரும்பான்மை. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஆள் யார் என்று மேலே எழுதிவிட்டேன். எங்களில் ஒருவரைத் துணைத் தலைவராக்கியிருந்தாலும் கையெழுத்தைக் கணவரிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். என் மோட்டாரும் அவர் மோட்டாரும் ஒன்று என்று நினைக்காத ஊர்ப் பக்கத்துப் பெண், காலனிப் பெண்ணை வாசலில் நிற்கவைக்க ஆண் துணையே தேவையில்லை. அதை நான் சொம்போடு நின்றபோது தெரிந்துகொண்டேன். பெண்கள் வர வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. வருகிறவர் யாராக இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும் என்பது வேறொரு கோரிக்கை. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கேட்டதால்தான் தலைவர்களின் நாற்காலிக்குப் பக்கத்தில் 'தலைவர் வீட்டுக்காரர்' நாற்காலி ஒன்று எல்லா ஊராட்சி அலுவலகத்திலும் முளைத்திருக்கிறது.

இதையெல்லாம் ஒருமுறை எங்கள் ஊர் டெய்லர் கடையில் சொன்னபோது ஒரு பெரியவர் சிரித்தார். "இது பொம்பளைய சாமியா கும்புடற பூமிம்மா. அந்தாண்ட மேல்மலையனூர்ல ஆத்தா, இந்தாண்ட ராணிக் கோட்டை" என்றார். அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மனுக்கு லட்சக்கணக்கில் கூடுகிறார்கள், உண்மை. கிருஷ்ணகிரி மலையை ராணிக் கோட்டை என்கிறார்கள், அதுவும் உண்மை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்மூர்க்காரர்கள் சொல்லும் கதை எது? 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜனின் கதை. அவன் குதிரைக்குப் பெயர் உண்டு, நண்பனுக்குப் பெயர் உண்டு, அவர்களுடைய வீரமெல்லாம் உண்டு. அவன் மனைவி கதையில் ஒரே ஒரு வேலைதான் செய்கிறாள், அவனோடு சிதையில் ஏறுகிறாள். ராணிப்பேட்டைக்கே அவளால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். எரிந்தால் ஊருக்குப் பெயர் வைப்பீர்கள். அவள் கோட்டையின் கணக்கைப் பார்த்தாளா, அவன் போருக்குப் போக வேண்டாம் என்று சொன்னாளா என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. சிதையிலும் கருவறையிலும் எங்களை உட்காரவைக்க உங்களுக்குச் சிரமமே இல்லை பெரியவரே, பிளாஸ்டிக் நாற்காலியில்தான் சிக்கல்.

தகுதியான துணைத் தலைவர் என்று யாரையாவது காட்ட முடியுமா என்று என் மகள் கேட்டாள். விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். மேலவளவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அவள் பாடத்தில் அது வரவில்லையாம். மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்தில் உள்ள மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1996இல் தேர்தல் நடத்தவே விடவில்லை. பிறகு போலீஸ் பாதுகாப்போடு நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது வழியில் மறித்து அவரை வெட்டிக் கொன்றார்கள். அன்று கொல்லப்பட்ட ஆறு பேரில் துணைத் தலைவர் மூக்கனும் ஒருவர். தலைவர் மேல் கத்தி வரும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூக்கனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் பக்கத்தில் இருந்தார். அந்தப் பதவிக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் தேடுகிறவர்கள் இந்தப் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

யாரும் சாக வேண்டாம். மோட்டார் பில்லில் கையெழுத்துப் போட்டால் போதும்.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. மறுபடியும் ஒரு திண்ணைப் பேச்சு நடக்கும், மறுபடியும் ஏதாவது ஒரு பெண்ணிடம் "நீ போடும்மா" என்று தாளை நீட்டுவார்கள். இதைப் படிக்கும் உங்களில் யாராவது அப்போது வார்டு உறுப்பினராக இருக்கலாம், அல்லது உங்கள் அம்மா இருக்கலாம். தாளை வாங்கிக்கொண்டு பேனாவை மூடியபடியே வைத்திருங்கள். போன முறை கிராம சபைக்கு வந்தாரா என்று கேளுங்கள். வந்தால் கடைசிவரை இருந்தாரா, டீ கொடுத்ததும் போனாரா? தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா, 'அது', 'அந்தப் பொண்ணு' என்பாரா? தலைவர் ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டுமா, அவர் அலுவலகத்துக்கு வருவாரா? கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் காரணத்தை எழுத்தில் தருவாரா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் பேனாவைத் திறக்கவே வேண்டாம். நான் கேட்டிருந்தால் சித்தப்பா கோபித்துக்கொண்டு போயிருப்பார். ஒரு பொங்கலுக்குச் சீர் வராமல் இருந்திருக்கும். அவ்வளவுதான் நஷ்டம்.

போன மாதம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும் வழியில் தலைவரும் நானும் ஒரே பேருந்தில் வந்தோம். இப்போது என்னிடம் கொஞ்சம் சகஜமாகப் பேசுகிறார். நான் அந்த மோட்டார் பில் காலத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். "எழுதுக்கா, எம் பேரு வேணாம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோட்டை மதில் தெரியும் திருப்பத்தில் திரும்பி, "அடுத்த வாட்டி நீ வார்டுல ஜெயிச்சா தொணைக்கு நிப்பியாக்கா?" என்று கேட்டார்.

"மொதல்ல என்னைக் கேள்வி கேளு. கேக்காம யாரையும் ஒக்கார வைக்காதே" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "நான் ஒங்க வூட்டுக்கு வந்தா எங்க ஒக்கார வைப்ப?" என்றார்.